சமாதான மேசையில் இடம் இல்லாதவர்கள்: 1957 முதுகுளத்தூரும் நமது சட்டங்களும்

1957 செப்டம்பர் 10. முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சியர் சி.வி.ஆர். பணிக்கர் ஒரு சமாதான மாநாட்டைக் கூட்டினார். ஜூலை மாதம் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலுக்குப் பிறகு ராமநாதபுரம் மாவட்டத்தின் கிராமங்களில் மோதல்கள் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. மறவர், நாடார், தேவேந்திரர் என மூன்று தரப்புத் தலைவர்களும் அழைக்கப்பட்டார்கள். முத்துராமலிங்கத் தேவர் வந்தார். ராணுவத்தில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பி தீண்டாமைக்கு எதிராக மக்களைத் திரட்டிக்கொண்டிருந்த, 33 வயதுகூட நிறையாத இமானுவேல் சேகரனும் வந்தார்.

அமைதி காப்போம் என்று ஓர் அறிக்கை வெளியிட முடிவானது. ஆனால் எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்திடுவதில் முட்டுக்கட்டை விழுந்தது. கடைசியில் தனித்தனித் தாள்களில் கையெழுத்து வாங்கப்பட்டது. மறுநாள் செப்டம்பர் 11 இரவு பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். தனக்குச் சமமாக அவர் மாநாட்டில் உட்கார்ந்து பேசியதைத் தேவர் பொறுக்கவில்லை என்பதே பின்னர் நடந்த வழக்கில் அரசுத் தரப்பு சொன்ன காரணம். செப்டம்பர் 28 அன்று கைது செய்யப்பட்ட தேவர், 1959 ஜனவரியில் விடுதலை செய்யப்பட்டார். இந்த வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11 அன்று பரமக்குடிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாங்கள் பேச வந்தது வேறு. அந்த மாநாட்டில் பேசியவர்களாக, கையெழுத்திட்டவர்களாக வரலாறு பெயர் சொல்லும் எவரும் பெண் இல்லை. இது அந்தக் காலத்து வழக்கம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அப்படித் தள்ளிவிட முடியாது. அப்போது காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையை வைத்திருந்தவர் லூர்தம்மாள் சைமன். குளச்சல் தொகுதியிலிருந்து வென்று வந்த பெண். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், திருநெல்வேலி மாவட்ட ஆதிதிராவிடர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் மீனாம்பாள் சிவராஜ். ஆகவே பேசத் தெரிந்த பெண்கள் தமிழ்நாட்டில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சமாதானம் என்பது ஆண்கள் உட்கார்ந்து முடிக்கிற காரியம் என்ற எண்ணம்தான் இருந்தது. அதைக் கேள்வி கேட்க அரசுக்கும் தோன்றவில்லை, நம் தரப்புக்கும் தோன்றவில்லை.

விளைவைச் சுமந்தவர்கள் யார்? ஆசிரியையாக இருந்த இமானுவேலின் மனைவியும் அவர்களது நான்கு பெண் குழந்தைகளும். குடிசை எரிந்தபின் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்த நம் பாட்டிகள். செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் போலீஸ் சுட்டு ஐந்து மறவர்கள் இறந்தார்கள். அந்த வீட்டுப் பெண்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஒடுக்கியவரையும் ஒடுக்கப்பட்டவரையும் ஒரே தராசில் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் நாள் மாநாட்டில் என்ன எழுதப்பட்டது, எது எழுதப்படாமல் விடப்பட்டது என்பதை இந்தப் பெண்களில் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

முதுகுளத்தூர் மாநாட்டின் வடிவம் இன்றும் மாறவில்லை. செப்டம்பர் 11க்கும் அக்டோபர் 30க்கும் முன்னால் நம் மாவட்டத்தில் தடை உத்தரவு வரும், அதையொட்டி ஆலோசனைக் கூட்டங்கள் நடக்கும். எங்காவது கைகலப்பு என்றால் தாசில்தாரோ கோட்டாட்சியரோ 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடத்துவார். இரு தரப்பிலும் ஐந்து பேர், நடுவில் அதிகாரி, ஓரத்தில் இன்ஸ்பெக்டர், கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து. அந்தத் தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று யாரும் கேட்பதில்லை. எழுத்தாளர் பெருமாள்முருகனை நாமக்கல்லில் உட்காரவைத்து வாங்கிய 'சமாதான' உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது நினைவிருக்கும். அதிகாரி முன்னிலையில் பலமான தரப்பு கேட்பதை பலவீனமான தரப்பு ஒப்புக்கொள்வதற்குத்தான் பெரும்பாலும் அமைதி என்று பெயர் வைக்கிறார்கள். அந்த வழக்கில் பெயர் பெற்ற ஒரு எழுத்தாளர் இருந்தார், அதனால் விஷயம் உயர் நீதிமன்றம்வரை போனது. சேரிகளில் எழுதப்படும் தாள்கள் எந்த நீதிமன்றத்துக்கும் போவதில்லை.

எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கடலோரக் கிராமம் ஒன்றில் குடிநீர்க் குழாயில் தகராறு. ராமநாதபுரத்துப் பெண்கள் தள்ளுவண்டியில் எட்டுக் குடம், பத்துக் குடம் அடுக்கித் தண்ணீர் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் போன நம் பெண் ஒருவரின் வண்டியை எட்டி உதைத்துக் குடங்களை உடைத்தார்கள். கேட்கப் போன பையன்களுக்கு அடி. பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது. எங்கள் தரப்பில் ஐந்து பேர் உள்ளே போனார்கள், ஐவரும் ஆண்கள். குடம் உடைந்த அந்த அக்கா அலுவலகத்துக்கு வெளியே புங்கை மரத்தடியில் நின்றார். உள்ளே விடச் சொன்னபோது, "பொம்பளைங்க வந்தா அழுவாங்க, கூட்டம் திசை மாறிரும்" என்று பதில் வந்தது. ஒரு மணி நேரத்தில் தாள் தயார். இரு தரப்பும் அமைதி காக்க வேண்டும், இளைஞர்கள் அத்துமீறக் கூடாது, புகாரை மேற்கொண்டு வலியுறுத்துவதில்லை.

வெளியே வந்து படித்துக் காட்டினோம். அக்கா இரண்டே கேள்வி கேட்டார். "குழாய எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு எழுதிருக்கா? கடையில சாமான் குடுப்பாங்களா மாட்டாங்களா?" இரண்டும் தாளில் இல்லை. அடி விழுந்ததற்கு முந்தைய பத்து நாட்களாகவே அந்த ஊர்க் கடையில் நம் பெண்களுக்குக் கடன் நிறுத்தப்பட்டிருந்தது, சீமைக்கருவேல் விறகு வெட்டும் வேலைக்குக் கூப்பிடுவது நின்றிருந்தது. ஏதோ வரப்போகிறது என்பது பெண்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து அதே குழாயில் மறுபடியும் சண்டை. அதிகாரியைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் உள்ளே போகும் ஐவரின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

இந்த இடத்தில்தான் உலக அளவிலான ஒரு சட்டப் பேச்சு நமக்குத் தேவைப்படுகிறது. 2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. மோதலைத் தடுப்பதிலும், அமைதிப் பேச்சிலும், அதன்பின் ஊரை மீண்டும் கட்டுவதிலும் பெண்கள் முடிவெடுப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். போரில் பெண்கள் பாதிக்கப்படுகிறார்கள், பாதுகாக்க வேண்டும் என்று அதற்கு முன்னும் பலர் சொல்லியிருக்கிறார்கள். மேசையில் அவர்களுக்கு இடம் வேண்டும் என்று பாதுகாப்பு அவை சொன்னது அப்போதுதான்.

அது நமக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதைப் பாருங்கள். தனுஷ்கோடியிலிருந்து கடலில் 30 கிலோமீட்டர் அளவில் தலைமன்னார். 1983க்குப் பிறகு படகில் வந்து இறங்கி மண்டபம் முகாமுக்குப் போன ஈழத் தமிழர்களை இந்தக் கரை பார்த்திருக்கிறது. அந்த நாட்டில் 2002இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் பேச்சுவார்த்தை தொடங்கியபோது பிரதான மேசையில் பெண்களின் குரல் இல்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பாலினப் பிரச்சினைகளுக்கான துணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. தரப்புக்கு ஐந்து பெண்கள். அரசுத் தரப்பில் வரலாற்றாசிரியர் குமாரி ஜெயவர்த்தன, புலிகள் தரப்பில் தமிழினி. 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது, துணைக்குழுவும் அதோடு முடிந்தது. முதன்மை மேசையில் உட்காரவைக்காமல் பக்கத்து அறையில் உட்காரவைத்தால் இதுதான் கதி. மேசை கவிழும்போது பக்கத்து அறையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நேபாளம் இன்னும் பொருத்தமான பாடம். பத்தாண்டு உள்நாட்டுப் போர் 2006இல் முடிந்தபின் அங்கே மாவட்டந்தோறும் உள்ளூர் அமைதிக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் குறைகள் உண்டு, கட்சிக்காரர்களே இடங்களைப் பங்கு போட்டார்கள் என்ற விமர்சனமும் உண்டு. ஆனாலும் நம் தாசில்தார் அலுவலகக் கூட்டத்துக்கு ஒப்பான ஓர் அமைப்பில் பெண்களின் எண்ணிக்கையை விதியாக எழுத முடியும் என்று பக்கத்து நாடு காட்டிவிட்டது.

அமெரிக்கா 2017 அக்டோபரில் இதைத் தனிச் சட்டமாகவே இயற்றியது. அந்த நாடு உலகில் நடத்திய போர்களை நினைத்தால் சிரிப்பு வரும். இருந்தாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் தன் துறையில் இந்தத் திட்டத்தை முடித்துவிட்டதாகப் பெருமையாக அறிவித்தார். ஆனால் சட்டம் கேட்கிற குறைந்தபட்சத்தையாவது செய்தாக வேண்டும் என்று அவரே சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. வெறும் கொள்கையாக இருந்திருந்தால் ஓர் அறிவிப்போடு போயிருக்கும்.

இந்தியா என்ன செய்தது? 2007இல் லைபீரியாவுக்கு முழுக்கப் பெண்களே கொண்ட போலீஸ் பிரிவை அனுப்பியது. ஐ.நா. அமைதிப் பணியில் அப்படி ஒரு பிரிவு அதுவே முதல். அதைச் சொல்லி இந்தியா உலக அரங்கில் நல்ல பெயர் வாங்கியது. அந்த லைபீரியாவின் பெண்கள் 2003இல், கானாவில் நடந்த பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, மண்டபத்தின் வாசலை மறித்து உட்கார்ந்து, முடிவெடுக்காமல் வெளியே வரக் கூடாது என்று ஆண்களை உள்ளே நிறுத்திவைத்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய லேமா போவிக்கு 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. அங்கே காவலுக்குப் பெண்களை அனுப்பிய இந்தியாவுக்கு 1325ஐச் செயல்படுத்த ஒரு தேசியச் செயல்திட்டம் இல்லை. நம் நாட்டில் ஆயுத மோதல் என்று ஒன்று இல்லை, ஆகவே அது நமக்குப் பொருந்தாது என்பது டெல்லியின் நிலைப்பாடு. சாதிக் கலவரம் இவர்கள் அகராதியில் மோதல் ஆகாது. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த தலித்துகளின் வீடுகளில் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

1325ஐ டெல்லி தள்ளிவைத்தாலும் இன்னொரு கதவு இருக்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றது. அதன் குழு 2013இல் வெளியிட்ட 30ஆவது பொதுப் பரிந்துரை, மோதல் தடுப்பில் பெண்களின் பங்கைப் பற்றிப் பேசுகிறது. நாடுகளுக்கிடையிலான போரோடு அது நிற்கவில்லை. உள்நாட்டுக் கலவரங்கள், இன, வகுப்பு வன்முறை ஆகியவற்றையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் இதைத் தேடிப் படிக்க வேண்டும். ராமநாதபுரம் அந்த வரம்புக்குள் வரும் என்பது எங்கள் வாதம்.

சரி, நம் கையிலேயே இருக்கும் சட்டம்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, அதன் விதிகள் 1995. பலரும் இதைத் தண்டனைச் சட்டமாக மட்டுமே பார்க்கிறார்கள். பெயரிலேயே தடுப்பு இருக்கிறது. 3ஆவது விதி, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே அடையாளம் காணச் சொல்கிறது. 17ஆவது விதி மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழுவை அமைக்கிறது. ஆட்சியர் தலைவர். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், காவல் கண்காணிப்பாளர், பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த மூன்று அதிகாரிகள், அச்சமூகங்களைச் சேர்ந்த அதிகாரி அல்லாத உறுப்பினர்கள் ஐந்து பேர் வரை, தொண்டு நிறுவனத் தொடர்புள்ள பிற சமூகத்தவர் மூன்று பேர் வரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கோட்ட அளவிலும் இதே போன்ற குழு உண்டு. உண்மையில் நாம் தேடுகிற 'உள்ளூர் அமைதிக் குழு' இதுதான். வித்தியாசம் ஒன்றே. இதில் நம் மக்களுக்கு இடம் சட்டப்படி இருக்கிறது, தாசில்தாரின் தயவால் அல்ல.

இந்த 17ஆவது விதியில் சாதிக்கு இடம் எழுதியவர்கள் பெண்ணுக்கு இடம் எழுதவில்லை. இவர்களுக்கு எழுதத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வன உரிமைச் சட்ட விதிகளில் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும் என்று இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் விசாரணைக் குழுவில் பாதிப் பேர் பெண்கள், தலைவரும் பெண். தலித் பெண்கள் மீதான பாலியல் குற்றங்களுக்குத் தனிப் பிரிவுகள் எழுதிய அதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், அவற்றைக் கண்காணிக்கிற குழுவில் ஒரு தலித் பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சொல்ல மறந்தது. 2015 திருத்தம் வந்தபோது பாதிக்கப்பட்டோர், சாட்சிகளின் உரிமைகளுக்குத் தனி அத்தியாயமே சேர்த்தார்கள். அப்போதும் இதைத் தொடவில்லை.

நம் தோழர்கள் சிலர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். "சமாதானம் என்றாலே சமரசம், வழக்கை வாபஸ் வாங்கவைக்கத்தான் பெண்களைக் கூட்டி வருவார்கள்" என்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இரு தரப்பும் சமரசமாகிவிட்டதால் வன்கொடுமை வழக்கை ரத்து செய்யலாம் என்று 2021இல் ராமாவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. சமரசம் மிரட்டலால் வந்ததா என்று கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மிரட்டல் இருந்ததா என்பதை யார் சொல்வது? கூலிக்கு அவர்கள் வயலுக்கே போக வேண்டிய, அவர்கள் கடையிலேயே அரிசி வாங்க வேண்டிய பெண்தான். அவரை வெளியே நிறுத்திவிட்டு ஐந்து ஆண்கள் போடும் கையெழுத்தில் மிரட்டல் தெரியாது. எங்கள் ஐவர் போட்ட கையெழுத்திலும் தெரியவில்லை.

இன்னொரு பயம், எந்தப் பெண் என்பது. 'பெண்கள்' என்று மட்டும் எழுதினால் ஆதிக்க சாதிப் பெண் ஒருவரை உட்காரவைத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். உள்ளாட்சியில் நாம் பார்த்துவிட்டோம். தமிழ்நாட்டில் 2016இல் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு சட்டமானது. 2019 தேர்தலில் ஆயிரக்கணக்கான பெண்கள் தலைவர்கள் ஆனார்கள். நாற்காலியில் மனைவி, முடிவெடுப்பது கணவன் என்ற கதையும் கூடவே வந்தது. தலித் பெண் தலைவர் என்றால் நாற்காலியே இல்லை என்று தரையில் உட்காரவைத்த செய்திகளும் வந்தன. ஆகவே 'பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள்' என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும். எழுதினாலும் இடர்ப்பாடு தீராது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த இடஒதுக்கீட்டால் வந்த பெண்களில் சிலர் இன்று கலெக்டரிடம் நேரே மனு கொடுத்துவிட்டுப் பதில் வாங்கும்வரை நகர மாட்டார்கள். அந்தச் சிலரும் சட்டம் இல்லாமல் வந்திருக்க மாட்டார்கள்.

பெண்களால் முடியுமா என்று இன்னும் கேட்கிறவர்கள் பாம்பன் பக்கம் போய்ப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் ஒரே நாளில் சட்ட மீறல்காரர்கள் ஆனார்கள். வனத்துறைக்கும் அவர்களுக்கும் ஓயாத மோதல். அவர்கள் சங்கமாகத் திரண்டார்கள், அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். மாதத்தில் எத்தனை நாள் பாசி எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு எழுதிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. அவர்கள் எழுதிய கட்டுப்பாட்டில் நாள் கணக்கு இருந்தது. அந்த அக்கா குழாய்க்கு நேரம் கேட்டதும் இதே வகைதான். வேலை செய்கிறவர் எழுதினால் அமைதிக்கு மணியும் தேதியும் வந்துவிடும்.

இங்கே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 1995 விதிகளைத் திருத்த நாடாளுமன்றத்தில் மசோதா தேவையில்லை. சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி மத்திய அரசு ஓர் அறிவிக்கையில் செய்துவிடலாம். அதைக் கேட்டு இயக்கம் நடத்துவோம், நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அதிகாரி அல்லாத ஐந்து இடங்களையும் தலித் பெண்களுக்கே கொடுப்பதை இன்றைய விதியும் தடுக்கவில்லை. உங்கள் மாவட்டக் குழுவிலும் கோட்டக் குழுவிலும் யார் யார் உறுப்பினர்கள், அதில் பெண்கள் எத்தனை பேர், கடந்த ஓராண்டில் எத்தனை முறை கூடினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம். பதில் வர 30 நாள்.

குழாய்த் தகராறுக்கு இரண்டாவது முறை பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டபோது ஐந்து பெயரில் மூன்று பெண்களின் பெயரை எழுதிக் கொடுத்தோம். முதலில் மறுத்தார்கள். வெளியே நாற்பது பெண்கள் தள்ளுவண்டிகளோடு நின்றதைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். அக்கா அழவில்லை. காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை என்று தாளில் எழுதவைத்த பிறகுதான் கைநாட்டு வைத்தார். புகாரை வாபஸ் வாங்கும் வரியை அடிக்கச் சொன்னதும் அவர்தான்.